ஓட விட்டு ஒதுக்காதீர்கள்!

"பையனுக்கு ஆட்டம் நல்லா வருது ஸார். ஆனா ஸ்டாமினா பத்தாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்!"

கோடை லீவில் ஃபுட்பால் செலக்ஷனுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற பெற்றோர் பல பேர் கேட்டுப் பழகிய தீர்ப்பு இது. பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான். ஸ்கூட்டரில் வீடு வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேச மாட்டான். அடுத்த வருஷம் அவன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் போவதும் உண்டு.

சரி, அந்தத் தீர்ப்பு எதை வைத்துச் சொல்லப்பட்டது? பெரும்பாலும் ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து! "மைதானத்தைப் பத்து ரவுண்டு சுத்துங்கடா" என்பார்கள். இல்லாவிட்டால் 12 நிமிஷம் ஓட விடுவார்கள். முதலில் வந்தவர்கள் இந்தப் பக்கம், பின்னால் வந்தவர்கள் அந்தப் பக்கம். அவ்வளவுதான் டெஸ்ட்!

பிள்ளைகளின் ஓடும் திறனை அளக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தாராளமாக அளக்கட்டும். அளந்தால்தான் வளர்ச்சி தெரியும். உடம்பில் ஏதாவது கோளாறு இருந்தாலும் வெளியே வரும். ஆனால் எதைக் கொண்டு அளக்கிறோம், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், அதை வைத்து என்ன செய்கிறோம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் ஸ்டாப் வாட்சைக் கையில் எடுப்பது சரியில்லை. வளர்கிற பிள்ளையின் உடம்பும் மனசும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

ஃபுட்பால் கேட்கிற ஓட்டம் எது?

தொண்ணூறு நிமிஷ ஆட்டத்தில் வளர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். கேட்டவுடன் "அடேயப்பா" என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்து கிலோமீட்டரும் ஒரே சீராக ஓடுகிற ஓட்டம் அல்ல. பாதிக்கு மேல் நடையும் மெதுவான ஓட்டமும்தான். நடுநடுவே திடீரென்று ஒரு பாய்ச்சல். பத்து எட்டு பறந்து, சட்டென்று நின்று, திரும்பி, பின்னால் நகர்ந்து, மறுபடி ஒரு பாய்ச்சல். இதயம் மட்டும் ஆட்டம் முழுக்கச் சராசரியாக அதன் உச்ச வேகத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை துடித்துக்கொண்டிருக்கும்.

ஆக, ஃபுட்பாலுக்கு வேண்டிய ஸ்டாமினா என்பது, ஒரு பாய்ச்சல் முடிந்ததும் எவ்வளவு சீக்கிரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராகிறோம் என்பதுதான். மாரத்தான் ஓடுகிறவரின் ஸ்டாமினா வேறு, இது வேறு.

இதில் குழந்தைகளுக்கு இயற்கையே ஒரு வரம் கொடுத்திருக்கிறது. சின்னச் சின்ன பாய்ச்சல்களுக்கு நடுவே பெரியவர்களைவிடக் குழந்தைகள் சீக்கிரம் தெளிந்துவிடுவார்கள். தெருவில் ஓடிப் பிடித்து விளையாடுகிற குழந்தைகளைப் பாருங்கள். ஓடும், நிற்கும், சிரிக்கும், மறுபடி ஓடும். மணிக்கணக்கில் இப்படியே போகும். அதே குழந்தையை நிற்காமல் 12 நிமிஷம் ஓடு என்றால் ஆறாவது நிமிஷத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அது சோம்பேறித்தனமா என்ன?

நாலு விதமான டெஸ்ட்

இன்று பிள்ளைகளிடம் சாதாரணமாகப் புழங்குகிற டெஸ்ட்டுகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

முதலாவது, பள்ளிக்கூடங்களில் நடக்கும் 600 மீட்டர் ஓட்டம். கேலோ இந்தியா உடல்தகுதித் தேர்வில் 4-ஆம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்கு இது உண்டு. முடியாவிட்டால் நடக்கவும் செய்யலாம். ஒரு பள்ளிக்கூடத்தின் பிள்ளைகள் பொதுவாக எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் சில நிமிஷத்தில் முடிந்துவிடுகிற இந்த ஓட்டத்தை வைத்து ஒரு ஃபுட்பால் ஆட்டக்காரனை எடை போட முடியாது.

இரண்டாவது, 12 நிமிஷ ஓட்டம். அமெரிக்க விமானப் படையில் டாக்டராக இருந்த கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்டது. 12 நிமிஷத்தில் எத்தனை மீட்டர் ஓடினோம் என்று பார்த்து, ஒரு கணக்குப் போட்டு, உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறது என்று சொல்லிவிடலாம். 2,400 மீட்டர் ஓடினால், ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 42 மில்லிலிட்டர். மிக எளிமையான, பயனுள்ள டெஸ்ட்தான். ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? விமானப் படையைச் சேர்ந்த 115 ஆண்களை ஓட விட்டு எடுத்தது! அந்தச் சூத்திரத்தை ஏழாம் வகுப்புப் பையன் மேல் அப்படியே வைத்தால் எப்படிப் பொருந்தும்? அப்பாவின் செருப்பைப் பிள்ளை போட்டுக்கொண்டு நடந்த கதைதான்.

மூன்றாவது, 'பீப் டெஸ்ட்'. கனடாவில் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் லெஜே 1980-களில் உருவாக்கியது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. பீப் சத்தத்துக்குள் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு ஓட வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து, நிமிஷத்துக்கு நிமிஷம் அரைக் கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் நிதானமாக இருப்பதால் பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்து களைத்துப் போக மாட்டார்கள். சின்ன இடம் போதும். திரும்பித் திரும்பி ஓடுவதால் ஃபுட்பாலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் நடுவில் ஓய்வு கிடையாது.

நாலாவது, 'யோ-யோ' டெஸ்ட். கிரிக்கெட் புண்ணியத்தில் நம் வீடுகளில் எல்லோருக்கும் பழகிப் போன பெயர். 2017-ல் இந்திய அணியில் இடம் பிடிக்க 16.1 என்ற அளவைத் தாண்ட வேண்டும் என்று பேச்சு அடிபட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அது 1,120 மீட்டர் ஓடியதற்குச் சமம். உண்மையில் இது ஃபுட்பாலுக்காகவே உருவான டெஸ்ட். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் பாங்ஸ்போ என்ற விளையாட்டு விஞ்ஞானி 1990-களில் கொண்டு வந்தார். 20 மீட்டர் போய், 20 மீட்டர் திரும்பி வர வேண்டும். பிறகு 10 விநாடி ஓய்வு. அந்த 10 விநாடியில் 5 மீட்டர் போய் வரலாம். மறுபடி ஓட்டம், கொஞ்சம் கூடுதல் வேகத்தில். இரண்டு முறை பீப்புக்குள் வந்து சேராவிட்டால் ஆட்டம் முடிந்தது.

ஓடு, நில், மூச்சு வாங்கு, மறுபடி ஓடு... அசல் ஃபுட்பால் மாதிரியே இருக்கிறது இல்லையா? சின்னக் குழந்தைகளுக்கு 20 மீட்டர் அதிகம் என்று 16 மீட்டராகக் குறைத்து ஒரு வகையும் இருக்கிறது.

நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோ-யோவைத்தான் சொல்வேன். சின்னப் பிள்ளைகள் என்றால் அந்த 16 மீட்டர் வகை. செலவும் அதிகம் இல்லை. அளவு டேப் ஒன்று, நாலு கூம்பு, பீப் சத்தம் கொடுக்க ஒரு செல்போன். இவ்வளவு எளிதாக இருக்கும்போது மைதானத்தைச் சுற்ற விட்டே பார்ப்பேன் என்று ஏன் பிடிவாதம்?

எண் சொல்வது என்ன?

நல்ல டெஸ்ட்டைப் பிடித்துவிட்டோம் என்பதாலேயே தீர்ப்பும் நல்லதாகிவிடாது. இங்கேதான் பெரிய சிக்கல்.

ஒரே ஆள், ஒரே டெஸ்ட்டை, ஒரு வாரம் விட்டு மறுபடி செய்தால் அதே எண் வராது. வளர்ந்த ஆட்டக்காரர்களிடம் இந்த வித்தியாசம் யோ-யோவில் சுமார் 5 சதவீதம். ஆனால் பிள்ளைகளிடம்? பெல்ஜியத்தில் சிறுவர்களை வைத்துப் பார்த்த ஆய்வில், 13, 15 வயதுக்குட்பட்டவர்களிடம் இது 15 சதவீதத்தைத் தாண்டியது.

இதை நம் மைதானத்துக்குக் கொண்டு வருவோம். ஒரு பையன் 800 மீட்டர் ஓடினான். அதில் 15 சதவீதம் என்றால் 120 மீட்டர். அதாவது போய்த் திரும்பும் சுற்றுக் கணக்கில் மூன்று சுற்று. இன்றைக்கு 800 ஓடியவன் அடுத்த வாரம் 680-ம் ஓடலாம், 920-ம் ஓடலாம். இரவு சரியாகத் தூங்கினானா, காலையில் என்ன சாப்பிட்டான், பக்கத்தில் ஓடியவன் யார், தோற்றால் அப்பா திட்டுவாரோ என்ற பயம் இருந்ததா... எல்லாமே இதில் கலந்திருக்கிறது.

இப்போது சொல்லுங்கள். 800 ஓடியவனை உள்ளே எடுத்து, 720 ஓடியவனை வெளியே அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம்? அன்றைக்கு அதிர்ஷ்டம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை!

இதோடு வயசுக் கணக்கு வேறு சேர்கிறது. '12 வயதுக்குட்பட்டோர்' என்று ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கிறோம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்கு வருகிறார்கள். நடுவில் பதினோரு மாசம்! பதினோரு வயசுப் பிள்ளையின் ஆயுளில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. பல நாடுகளின் ஃபுட்பால் அகாடமிகளில், வருஷத்தின் முதல் மூன்று மாசத்தில் பிறந்த பிள்ளைகள்தான் அதிகம் இருக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தால் திறமை அதிகம் வருமா என்ன? முன்னால் பிறந்ததால் முன்னால் வளர்ந்தவர்கள், அவ்வளவுதான்.

பிறந்த தேதியையும் விடுங்கள். ஒரே தேதியில் பிறந்த இரண்டு 13 வயசுப் பையன்களின் உடம்பு வளர்ச்சியில் மூன்று வருஷ வித்தியாசம்கூட இருக்கலாம். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். இன்னொருவன் குரல்கூட உடையாமல் நிற்பான். பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும், ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் கிடுகிடுவென்று உயரம் போடுகிறார்கள். சீக்கிரம் வளர்ந்தவனுக்கு எட்டு நீளம், தசை அதிகம். அதே வேகத்தில் ஓட அவனுக்குக் குறைந்த ஆக்ஸிஜன் போதும். சின்னவன் அதே தூரத்துக்கு இரண்டு எட்டு கூடுதலாக வைத்தாக வேண்டும். இருவருக்கும் இதயமும் நுரையீரலும் கிலோ கணக்கில் பார்த்தால் சமமாகவே இருக்கலாம். ஆனால் ஸ்டாப் வாட்ச் சின்னவனைத்தான் 'வீக்' என்று சொல்லும்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அகாடமிகள் இதைப் புரிந்துகொண்டுதான், 2010-களின் நடுவிலிருந்து வயசை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆட விட்டுப் பார்க்கின்றன. லயோனல் மெஸ்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தவர். கூட ஆடியவர்களைவிடக் குட்டையாக நின்ற அந்தப் பிள்ளையை உயரத்தையும் ஓட்டத்தையும் மட்டும் பார்த்து யாராவது திருப்பி அனுப்பியிருந்தால்?

குறைந்த எண்ணுக்குப் பின்னால்...

குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய முக்கியமான கட்டம் இதுதான். ஓட்டத்தில் பின்தங்குகிற பிள்ளையைக் கண்டால் "இன்னும் ஓடு" என்று விரட்டுவதற்கு முன்னால், "ஏன் முடியவில்லை?" என்று கேட்க வேண்டும்.

முதல் சந்தேகம், ரத்த சோகை. ஆக்ஸிஜனைச் சுமந்து போவது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அது குறைந்தால் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் பிள்ளை இளைத்துத்தான் போவான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. அதே வயது ஆண் பிள்ளைகளில் 31 சதவீதம்! பையன்களுக்கு ரத்த சோகை வராது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்று பேரில் கிட்டத்தட்ட ஒருவனுக்கு இருக்கிறது. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். 12 வயது தாண்டிய பிள்ளைக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். பூச்சி மருந்து, இரும்புச் சத்து மாத்திரை, கீரை, முட்டை, பேரீச்சம்பழம் என்று கவனித்தால் சில மாதங்களில் அதே பிள்ளை வேறு பிள்ளையாக ஓடுவான். 'ஸ்டாமினா இல்லை' என்று ஒதுக்கப்பட்ட எத்தனை பெண் பிள்ளைகளுக்கு உண்மையில் ரத்தம்தான் இல்லையோ!

இரண்டாவது, ஓடினால் வருகிற இளைப்பு. ஓட்டம் முடிந்து ஐந்து பத்து நிமிஷத்தில் விடாமல் இருமல், நெஞ்சில் விசில் சத்தம், மூச்சு இழுப்பு என்றால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். சரியான மருந்தை எடுத்துக்கொண்டு உலக அளவில் ஆடுகிறவர்களே இருக்கிறார்கள். மறைக்க வேண்டிய விஷயமே இல்லை.

மூன்றாவது, அண்மையில் வந்த காய்ச்சல். டெங்குவோ, சாதாரண வைரஸ் காய்ச்சலோ வந்து போன கையோடு மூச்சு முட்ட ஓட விடக் கூடாது. சில காய்ச்சல்களில் இதயத் தசையிலும் அழற்சி வரும். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

நாலாவது, அபூர்வம்தான், ஆனால் அலட்சியம் கூடாது: இதயம். 2003 ஜூன் 26-ல் பிரான்ஸின் லியோன் நகரில், கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில், கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ ஆடிக்கொண்டிருந்தபோதே சுருண்டு விழுந்து இறந்தார். வயது 28. இதயத் தசை தடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. 2021 ஜூன் 12-ல் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இதே போல விழுந்தார். உடனே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்ததால் பிழைத்து, மறுபடி ஆடவும் வந்தார். இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டில் இறங்குகிறவர்களுக்கு ஈ.சி.ஜி. உட்பட மருத்துவப் பரிசோதனை கட்டாயம்.

நம் ஊரில் எல்லோருக்கும் அது நடக்கும் வரை, பெற்றோர் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். ஓடும்போது பிள்ளை எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறானா? நெஞ்சு வலி, காரணமில்லாத படபடப்பு என்று சொன்னதுண்டா? குடும்பத்தில் 50 வயதுக்கு முன்னால் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால், இதய டாக்டரைப் பார்க்காமல் மைதானத்தில் இறக்காதீர்கள்.

கடைசியாக, வெயில்! ஏப்ரல், மே மாதத்தில் காலை பத்து மணிக்கு செலக்ஷன் ஓட்டம் வைப்பது அளவு எடுக்கிற காரியமே அல்ல. அது வெயிலைத் தாங்குகிற போட்டி. கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் வேறு. வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. 2014 உலகக் கோப்பையில் சம்பளம் வாங்கி ஆடுகிற பெரியவர்களுக்கே, வெயிலும் ஈரமும் எல்லை தாண்டினால் நடுவில் தண்ணீர் குடிக்க ஆட்டத்தை நிறுத்தினார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த மரியாதை வேண்டாமா? காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று சொன்னால் அந்த நிமிஷமே நிழலுக்குக் கொண்டு வந்து உடம்பைக் குளிர வைக்க வேண்டும். பேச்சு குளறினாலோ, நினைவு தடுமாறினாலோ நேராக ஆஸ்பத்திரிதான்.

"இருநூறு பேர் வர்றாங்க ஸார்!"

கோச்சுகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. "இருநூறு பிள்ளைங்க வர்றாங்க. எடம் இருபத்தஞ்சுதான். ஒருத்தர் ஒருத்தரா ஆட விட்டுப் பார்க்க நேரம் ஏது? ஓட விட்டாத்தானே கழிக்க முடியும்?" என்பார்கள். தனி ஆளாக, சொற்பச் சம்பளத்தில், பல நேரம் சம்பளமே இல்லாமல், புழுதி மைதானத்தில் நிற்கிறவர்கள் அவர்கள். கேலியாகப் பேச எனக்கு மனசு வராது.

ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். ஃபுட்பாலில் சீக்கிரம் மாற்றக்கூடிய விஷயங்களில் முதலிடம் இந்த ஓட்டத் திறனுக்குத்தான். 2001-ல் வெளிவந்த நார்வே ஆய்வு ஒன்று ரொம்பப் பிரபலம். சராசரி 18 வயசுள்ள ஜூனியர் ஆட்டக்காரர்கள். வாரம் இரண்டு முறை, நாலு நிமிஷ வேக ஓட்டம் நாலு தடவை, நடுவில் மூன்று நிமிஷம் மெதுவான ஓட்டம். எட்டே வாரம்! ஆக்ஸிஜன் அளவு 58-லிருந்து 64 மில்லிலிட்டராக ஏறியது. ஆட்டத்தில் ஓடிய தூரம் 20 சதவீதம் கூடியது.

பதினோரு, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு இந்த அளவு கடுமையான பயிற்சி தேவையில்லை. சின்ன மைதானத்தில் மூன்று பேருக்கு மூன்று பேர், நாலு பேருக்கு நாலு பேர் என்று பந்தோடு ஆட விட்டாலே இதயம் நன்றாக வேலை செய்யும். நான் சொல்ல வருவது வேறு. எட்டு வாரத்தில் ஏற்றிவிடக்கூடிய ஒன்றைக் காரணம் காட்டி, பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொள்ளும் பிள்ளையை வெளியே அனுப்புகிறோம். அந்தப் பந்து லாகவமும், எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று பார்க்கிற கண்ணும் வருவதற்கு வருஷங்கள் ஆகும். எளிதில் வருவதற்காக அரிதில் வருவதை இழப்பது என்ன கணக்கு?

இருநூறு பேர் வந்தால் முதலில் ஆட விடுங்கள். நாலுக்கு நாலு, எட்டு எட்டு நிமிஷம். ஒரே நேரத்தில் பல குட்டி மைதானங்களில் ஆடலாம். யார் பந்தைக் கேட்கிறான், யார் பந்து போன பிறகும் ஓடுகிறான் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஓட்ட டெஸ்ட்டை எடுத்த பிள்ளைகளுக்கு வையுங்கள். யாருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது உதவும். டெஸ்ட், கதவைச் சாத்துகிற தாழ்ப்பாளாக இருக்க வேண்டாம்.

இன்னொரு வழக்கத்தையும் நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். லேட்டாக வந்தாயா, பத்து ரவுண்டு. பேசினாயா, இருபது ரவுண்டு. ஓட்டத்தையே தண்டனையாக்கிவிட்டால் பிள்ளைக்கு அதன் மேல் எப்படி ஆசை வரும்? வாய்ப்பாடு தப்பானதற்குத் தமிழ்ப் பாட்டு ஒப்பிக்கச் சொல்லித் தண்டித்தால், பிள்ளைக்குத் தமிழ் மேல்தான் வெறுப்பு வரும். அது போலத்தான்.

வீட்டில் ஒரு நோட்டு போதும்

பெற்றோருக்கு ஒரு யோசனை. பிள்ளையின் பெயரில் ஒரு நோட்டுப் போடுங்கள். மூன்று மாசத்துக்கு ஒரு முறை உயரம், எடை, யோ-யோ தூரம் மூன்றையும் எழுதுங்கள். டெஸ்ட் எப்போதும் ஒரே மைதானம், ஒரே நேரம், ஒரே ஷூவாக இருக்கட்டும். முதல் தடவை எடுத்த எண்ணை நம்பாதீர்கள், அது பழகிக்கொள்ள. ஒன்றிரண்டு சுற்று கூடினாலும் குறைந்தாலும் கண்டுகொள்ள வேண்டாம். ஒரு வருஷத்தில் கோடு மேலே போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரேயடியாக இறங்கினால் தூக்கம், சாப்பாடு, ரத்தம், காய்ச்சல் என்று வரிசையாக யோசியுங்கள். உயரம் மளமளவென்று ஏறுகிற மாசங்களில் குதிகால் வலி, முட்டிக்குக் கீழே வலி சகஜம். அப்போது திரும்பித் திரும்பி ஓடுகிற டெஸ்ட்டைத் தள்ளிப் போடுவது நல்லது.

மூச்சு முட்ட ஓட வைக்காமலும் பார்க்கலாம். ஒரே தூரத்தை ஒரே நிதானமான வேகத்தில் ஓடச் சொல்லி, நின்று ஒரு நிமிஷம் கழித்து 15 விநாடி நாடியை எண்ணுங்கள். மாசங்கள் போகப் போக அந்த எண்ணிக்கை குறைந்தால் பிள்ளை தேறுகிறான் என்று அர்த்தம். 220-லிருந்து வயசைக் கழிக்கும் கணக்கைப் பிள்ளைகளிடம் போட வேண்டாம். அவர்களின் உச்ச நாடித் துடிப்பு எட்டு வயசிலும் பதினாறு வயசிலும் 200-ஐ ஒட்டியே இருக்கும்.

அடுத்த முறை செலக்ஷனுக்குப் போகும்போது, கோச்சிடம் பணிவாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள்:

என்ன டெஸ்ட் வைக்கிறீர்கள்? எத்தனை மணிக்கு? ஒரே தடவைதானா, மறுபடி வாய்ப்பு உண்டா? பிறந்த மாசத்தையும் உயரத்தையும் கணக்கில் எடுப்பீர்களா? மைதானத்தில் தண்ணீர், முதலுதவி தெரிந்த ஆள் இருக்கிறாரா? எண் குறைவாக வந்தால் என் பிள்ளைக்கு என்ன பயிற்சி தருவீர்கள்?

நல்ல கோச் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

வட சென்னையின் வியாசர்பாடியில் குறுகலான தெருக்களிலும் புழுதி மைதானத்திலும் ஆடி வளர்ந்த தன்பால் கணேஷும், நந்தகுமார் சேகரும் இந்திய அணியின் சட்டையைப் போட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் இன்னும் எத்தனையோ பேர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இப்போது மெதுவாக ஓடுகிற பிள்ளை, இரண்டு வருஷம் கழித்து உயரம் போட்டு, ரத்தம் ஊறி, எல்லோரையும் முந்தலாம். அதற்கு அவன் அதுவரை மைதானத்தில் இருந்தாக வேண்டுமே! அளந்து பாருங்கள்; அளந்த கையோடு துரத்திவிடாதீர்கள்.